சீசன் டிக்கெட் போட்ட ஓட்டு

2012 ஜூலை 4, புதன்கிழமை. கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் பார்க் மைதானக் கட்டடத்தில் ஸ்காட்லாந்து பிரிமியர் லீகின் பன்னிரண்டு கிளப்புகளும் கூடின. அவர்கள் முன் இருந்த கேள்வி ஒன்றுதான். திவாலாகிப் போன ரேஞ்சர்ஸ் கிளப்பின் சொத்துகளை வாங்கிப் புதிதாகத் தொடங்கப்பட்ட கம்பெனிக்கு, பழைய கிளப்பின் இடத்தை அப்படியே கொடுப்பதா? பத்து கிளப்புகள் கூடாது என்றன. கில்மார்னக் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டது. சரி என்று சொன்ன ஒரே வாக்கு பழைய ரேஞ்சர்ஸுடையது.

அந்த அறையில் ரசிகர் ஒருவருக்கும் நாற்காலி கிடையாது. லீகின் விதிப்புத்தகத்தில் அவர்களுக்கு வாக்கும் கிடையாது. ஆனால் அன்று ‘கூடாது’ என்று கைதூக்கிய பத்துப் பேரில் பலர், அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை ‘சரி’ என்று சொல்லும் மனநிலையில்தான் இருந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் அவர்களின் மனத்தை மாற்றியது கிளப் அலுவலகங்களுக்கு வந்து குவிந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும், அவற்றில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்த ஒரு செய்தியும்: புதிய கம்பெனியை நேரே மேலே ஏற்றினால், நாங்கள் இந்த ஆண்டு சீசன் டிக்கெட் எடுக்கமாட்டோம்.

ரசிகர்கள் கிளப்பின் முடிவை மாற்றிய கதைகள் ஐரோப்பாவில் பல உண்டு. பெரும்பாலும் அவை தங்கள் கிளப்பை விற்காதே, மைதானத்தை மாற்றாதே, பெயரைத் தொடாதே என்ற கோரிக்கைகள். ஸ்காட்லாந்தின் 2012 கோடை வேறு ரகம். அங்கே அபர்டீன் ரசிகரும் மதர்வெல் ரசிகரும் வாய்திறந்தது தங்கள் கிளப்பைப் பற்றியல்ல. இன்னொரு கிளப் எந்த லீகில் ஆட வேண்டும் என்பதைப் பற்றி. தங்கள் கிளப்புக்குப் பணநட்டம் வரும் என்று தெரிந்தே பேசினார்கள். அதனால்தான் அந்த வாரங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ரேஞ்சர்ஸ் எப்படிப்பட்ட கிளப் என்பதைச் சொன்னால்தான் அந்த முடிவின் கனம் புரியும். 1872இல் தொடங்கிய கிளப். திவாலான நாளில் அதன் கணக்கில் 54 லீக் பட்டங்கள் இருந்தன. ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். அதே நகரின் செல்டிக் கிளப்போடு அதற்குள்ள பகை, மதமும் அயர்லாந்து அரசியலும் ஊறிப்போன நூற்றாண்டுப் பகை. 2012க்கு முன் இந்த இருவரையும் தவிர வேறொரு கிளப் கடைசியாக லீகை வென்றது 1985இல்தான். அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்சியில் ஆடிய அபர்டீன். அதன்பின் 2012 வரை 27 ஆண்டுகள் பட்டம் கிளாஸ்கோவை விட்டு வெளியே போகவில்லை. தொலைக்காட்சி நிறுவனங்கள் பணம் கொடுத்ததும் முக்கியமாக இந்த இருவர் மோதும் ஆட்டங்களுக்காகத்தான்; ஆண்டுக்கு நான்கு ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டங்கள் நடக்கும் என்பதை நம்பியே ஐந்தாண்டுகளுக்கு 8 கோடி பவுண்டு ஒப்பந்தம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. லீகின் முக்கிய முடிவுகளுக்குப் பன்னிரண்டில் பதினொரு வாக்கு வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. இரு பெரியவர்களும் சேர்ந்து மறுத்தால் மற்ற பத்துப் பேரால் ஒன்றும் அசைக்க முடியாது.

இந்தப் பெரிய கிளப் வீழ்ந்த கதையிலும் சீசன் டிக்கெட் இருக்கிறது. 2011 மே மாதம் டேவிட் மரே தன் வசமிருந்த ரேஞ்சர்ஸ் பங்குகளை கிரெய்க் வைட் என்பவருக்கு ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார். வங்கிக் கடனை அடைப்பதாக வைட் ஏற்றுக்கொண்டார், அடைத்தும்விட்டார். ஆனால் அடைத்த பணம் அவருடையதல்ல. வரவிருந்த சில சீசன்களின் டிக்கெட் வருவாயை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்று, இரண்டு கோடி பவுண்டுக்கும் மேல் வாங்கியிருந்தார். ரசிகர்கள் இன்னும் கொடுக்காத பணத்தை வைத்தே அந்த ரசிகர்களின் கிளப் வாங்கப்பட்டது. (இது தொடர்பான மோசடி வழக்கில் 2017இல் நடுவர் குழு வைட்டைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.) ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் பிடித்த வரி அரசுக்குப் போய்ச் சேரவில்லை. 2012 பிப்ரவரி 14 அன்று கிளப் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. லீக் பத்துப் புள்ளிகளைக் கழித்தது. ஜூன் மாதம், கடன்காரர்களுக்குச் சிறு பங்கைக் கொடுத்து முடித்துக்கொள்ளும் திட்டத்தைப் பிரிட்டிஷ் வரித் துறை நிராகரித்தது. பழைய கம்பெனி கலைப்புக்குப் போனது. மைதானம், பெயர், ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்த்து 55 லட்சம் பவுண்டுக்குச் சார்லஸ் கிரீன் தலைமையிலான குழுவின் கைக்கு வந்தன.

சொத்தை வாங்கலாம். லீகில் இருக்கும் இடத்தை வாங்க முடியுமா? அதைத் தீர்மானிக்க வேண்டியது மற்ற கிளப்புகள்.

முதலில் வந்த யோசனைகள் எல்லாம் ஒரே திசையில் போயின. புதிய கம்பெனியைப் பிரிமியர் லீகிலேயே ஏற்றுக்கொண்டு, சில ஆண்டுகளுக்குப் புள்ளிக் கழிப்பும் வருவாய்க் குறைப்பும் தண்டனையாக விதிக்கலாம் என்று கிளப் தலைவர்கள் வசந்த காலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கணக்கு புரியாததல்ல. ரேஞ்சர்ஸ் விருந்தாளியாக வரும் நாளில்தான் பல சின்ன மைதானங்கள் நிறையும். தொலைக்காட்சிப் பணம் குறைந்தால் ஆட்டக்காரர் சம்பளம் குறையும், சிலர் வேலை இழப்பார்கள். கில்மார்னக் தலைவர் மைக்கேல் ஜான்ஸ்டன் இந்தப் பொருளாதாரக் கவலையை வெளிப்படையாகவே பேசியவர். கடைசியில் அவர் கிளப் ஒதுங்கி நின்றதில் வியப்பில்லை.

ரசிகர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். அவர்களுக்கு முன்னுதாரணங்கள் நன்றாக நினைவிருந்தன. 2002இல் ஏர்ட்ரியோனியன்ஸ் கிளப் கடனில் மூழ்கிக் கலைந்தபோது, அதன் இடத்தில் தொடங்கிய புதிய கிளப் அடிமட்ட டிவிஷனில் இடம் கேட்டது, கிடைக்கவில்லை. அந்த இடம் எல்லையோரக் கிராமமான கிரெட்னாவின் கிளப்புக்குப் போனது. கிரெட்னா ஒரு பணக்காரரின் கையிருப்பில் மளமளவென்று பிரிமியர் லீக் வரை ஏறி, அவர் நோய்வாய்ப்பட்டதும் 2008இல் சரிந்து மறைந்தது. அதற்காக யாரும் விதியை வளைக்கவில்லை. காலியான இடத்துக்கு அன்னன் அத்லெடிக் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2009இல் லிவிங்ஸ்டன் நிர்வாகிகளின் கைக்குப் போனபோது, முதல் டிவிஷனிலிருந்து நேரே மூன்றாம் டிவிஷனுக்கு, அதாவது நாட்டின் நான்காவது படிக்கு, இறக்கப்பட்டது. சின்னக் கிளப்புகளுக்கு இந்த விதி. ஐம்பதாயிரம் இருக்கை உள்ள கிளப்புக்கு மட்டும் வேறு விதியா என்று அவர்கள் கேட்டார்கள். இதைவிட நியாயமான கேள்வி அந்தக் கோடையில் வேறு யாரும் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கேட்ட நேரமும் வாகாக அமைந்துவிட்டது. ஐரோப்பியக் கால்பந்து கிளப் ஒன்றின் ஆண்டில், மே முதல் ஜூலை வரைதான் சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் காலம். அந்தப் பணம் வந்தால்தான் ஆட்டமே இல்லாத கோடை மாதங்களில் சம்பளம் போடலாம், புது ஆட்டக்காரரைச் சேர்க்கலாம். ரேஞ்சர்ஸ் விவகாரம் முற்றியது சரியாக அந்த வாரங்களில். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் புதுப்பிக்கும் விண்ணப்பங்களை ரசிகர்கள் மேசையிலேயே வைத்துக்கொண்டார்கள். கிளப் எப்படி வாக்களிக்கப் போகிறது என்பதைச் சொன்ன பிறகு பார்க்கலாம் என்றார்கள். தொலைக்காட்சிப் பணத்தில் மிதக்கும் இங்கிலாந்துக் கிளப்பாக இருந்தால் இந்த மிரட்டல் சின்னச் சலசலப்போடு போயிருக்கும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலான கிளப்புகள் வாசலில் வசூலாகும் பணத்தை நம்பி வாழ்பவை. இரண்டாயிரம் பேர் டிக்கெட் எடுக்காமல் விட்டால் அந்த ஆண்டே தடுமாறிப்போகும்.

‘நியூகோ (புதிய கம்பெனி) வேண்டாம்’ என்ற வாசகம் பதாகைகளில் ஏறியது. ரசிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டுக் கிளப்புகளுக்கு எழுதின. மதர்வெல் கிளப் ஒரு படி மேலே போய், சீசன் டிக்கெட்காரர்களையும் பங்குதாரர்களையும் ‘வெல் சொசைட்டி’ என்ற தன் ரசிகர் சங்கத்தையும் நேரடியாகக் கேட்டது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கூடாது என்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, முந்தைய சீசனில் செல்டிக், ரேஞ்சர்ஸுக்கு அடுத்து மூன்றாவதாக வந்த மதர்வெல், ரேஞ்சர்ஸ் இல்லாமல் போனால் வருமானம் எவ்வளவு குறையும் என்பதைத் தன் ரசிகர்களிடம் மறைக்கவில்லை. எல்லாம் தெரிந்தே அவர்கள் வாக்களித்தார்கள். டண்டீ யுனைட்டெட், ஹார்ட்ஸ், ஹிபர்னியன், அபர்டீன், இன்வர்னெஸ் என்று கிளப்புகள் அடுத்தடுத்து வெளிப்படையாக அறிவிக்கத் தொடங்கின. ஜூலை 4க்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது. லீக் வெளியிட்ட புதிய சீசன் அட்டவணையில் ஒரு கிளப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கிளப் 12’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. யாருடைய பெயர் அங்கே வரும் என்பதை அட்டவணை போட்டவர்களாலும் சொல்ல முடியவில்லை.

ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் பலர் இதைப் பழிவாங்கல் என்றே இன்றும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பல ஆண்டுகளாக ஐப்ராக்ஸில் அடிவாங்கித் திரும்பியவர்களுக்கு அந்தக் கோடை ஒரு வகையில் இனித்திருக்கும். செல்டிக் ரசிகர்களின் மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பகை மட்டும் அந்த வாக்கை விளக்காது. வெறும் பகையாக இருந்திருந்தால், ரேஞ்சர்ஸை அடுத்த ஆண்டே மேலே அழைத்து மைதானத்தில் வைத்து வெல்வதே பல ரசிகர்களுக்கு உவப்பாக இருந்திருக்கும். அவர்கள் கேட்டதெல்லாம் எல்லோரும் ஏறும் அதே ஏணியில் ஏறட்டும் என்பதுதான்.

பிரிமியர் லீக் கதவைச் சாத்தப்போகிறது என்று தெரிந்ததும் பிரச்சினை கீழே இறங்கியது. ஸ்காட்டிஷ் கால்பந்து லீகின் மூன்று டிவிஷன்களில் முப்பது கிளப்புகள் இருந்தன. அவற்றில் பலவற்றின் ஆட்டங்களுக்குச் சில நூறு பேர்தான் வருவார்கள். கால்பந்து சங்கத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டுவர்ட் ரீகனும் பிரிமியர் லீகின் நீல் டான்காஸ்டரும் அவர்களிடம் வேறொரு திட்டத்தோடு வந்தார்கள்: ரேஞ்சர்ஸை முதல் டிவிஷனில் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஓராண்டில் மேலே போய்விடும், தொலைக்காட்சி ஒப்பந்தமும் பிழைக்கும். அதற்குப் பிரதியாக லீக் அமைப்பில் சில சீர்திருத்தங்களும் பணமும் தருவதாகப் பேச்சு. ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரிய கிளப்புகள் தங்களுக்கென இரண்டாவது பிரிமியர் டிவிஷனைத் தொடங்கிவிடும் என்ற அச்சுறுத்தலும் காற்றில் இருந்தது. ரேஞ்சர்ஸ் அடிமட்டத்துக்குப் போனால் ஸ்காட்லாந்துக் கால்பந்து மெதுவாகச் செத்துப்போகும் என்று ரீகன் எச்சரித்தார். சமூகத்தில் கொந்தளிப்பு ஏற்படலாம் என்றும் பேசினார்.

ஜூலை 3 அன்று, அந்தக் கிளப்புகளின் கூட்டம் முடிந்து ஹாம்ப்டன் படிக்கட்டில் இறங்கி வந்தார் டர்ன்புல் ஹட்டன். கிர்காடி ஊரின் ரெயித் ரோவர்ஸ் கிளப்பின் தலைவர். விஸ்கி நிறுவனம் ஒன்றில் உயர்பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். காத்திருந்த கேமராக்கள் முன் அவர் எதையும் மென்று விழுங்கவில்லை. தங்களை மிரட்டுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், இந்த ஆட்டமே ஊழல்பட்டுப் போய்விட்டது என்று கோபமாகச் சொன்னார். தன் கிளப்பின் எதிர்காலப் பணமெல்லாம் அந்த அதிகாரிகளின் கையில் இருக்கும் நிலையில், பலவகையிலும் சார்ந்திருக்கும் ஒரு சின்னக் கிளப்பின் தலைவர் இப்படிப் பேசுவது எளிதல்ல. எந்த அணியின் ரசிகர் என்ற வேறுபாடு இல்லாமல் பலரும் அந்தச் சில நிமிடப் பேச்சை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஹட்டன் 2014 டிசம்பரில் காலமானார்.

ரசிகர்களுக்குச் சொந்தமான கிளைட் கிளப் இன்னொரு வேலை செய்தது. தங்களிடம் வைக்கப்பட்ட திட்டத்தை வரி வரியாகப் பிரித்து, அதில் எந்தக் கணக்குக்கு ஆதாரமில்லை, எந்த வாக்குறுதிக்கு உத்தரவாதமில்லை என்று நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மூடிய அறைக்குள் இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்த காகிதங்களை ரசிகர்கள் தெருவில் நின்று படித்தார்கள்.

ரேஞ்சர்ஸ் ரசிகர்களின் நிலைப்பாடு பலர் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. அவர்களிலும் கணிசமானோர், யாருடைய தயவிலும் இடையில் செருகப்பட வேண்டாம், அடிமட்டத்திலிருந்தே தொடங்குவோம் என்றார்கள். பயிற்சியாளர் ஆலி மெக்காய்ஸ்டும் ரசிகர்கள் விரும்புவது மூன்றாம் டிவிஷனையே என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆக, வேண்டாம் என்று சொன்ன எதிரணி ரசிகர்களும் போகிறோம் என்று சொன்ன சொந்த ரசிகர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தது அதிகாரிகளின் கணக்குப் புத்தகம். ஜூலை 13, வெள்ளிக்கிழமை, முப்பதில் இருபத்தைந்து கிளப்புகள் ரேஞ்சர்ஸை மூன்றாம் டிவிஷனில் சேர்க்க வாக்களித்தன. ‘கிளப் 12’ என்ற கட்டத்தில் டண்டீயின் பெயர் எழுதப்பட்டது.

அடுத்து நடந்ததைப் பார்த்தால் அந்த வாரங்களின் பயம் எவ்வளவு ஊதப்பட்டது என்று தெரியும். ஜூலை 29 அன்று புதிய ரேஞ்சர்ஸின் முதல் ஆட்டம் பிரெகின் ஊரின் கிளீப் பார்க்கில் நடந்தது. அந்த மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க சுவருக்குப் பதிலாக வேலிச்செடி வளர்ந்திருக்கும். பந்து அதில் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு. கூடுதல் நேரம் வரை போராடித்தான் ரேஞ்சர்ஸ் வென்றது. முதல் லீக் ஆட்டம் ஆகஸ்ட் 11இல், வடகிழக்குக் கரையின் மீன்பிடி ஊரான பீட்டர்ஹெட்டில். கடைசி நிமிடத்தில் அடித்த கோலால்தான் 2–2 என்று தப்பியது. ஒரு வாரம் கழித்து ஐப்ராக்ஸில் ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயருக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 49,118 பேர். நான்காம் படி ஆட்டம் ஒன்றுக்கு அது உலகச் சாதனைக் கூட்டம் என்று அப்போது சொன்னார்கள். 2013 மார்ச்சில் அதே ஐப்ராக்ஸுக்கு வந்து ரேஞ்சர்ஸை 2–1 என்று வீழ்த்திப் போனது, கிரெட்னாவின் காலியிடத்தில் லீகுக்குள் வந்த அந்த அன்னன் அத்லெடிக்.

ரேஞ்சர்ஸ் ஒவ்வொரு படியாக ஏறி 2016இல் மேல் டிவிஷனுக்குத் திரும்பியது. நடுவில் ஓராண்டு தகுதிச் சுற்றின் இறுதியில் தடுக்கி விழுந்தது. அங்கே அதை வீழ்த்தியது மதர்வெல். 2021இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் லீக் பட்டத்தை வென்றது. அதற்கிடையில் மற்ற கிளப்புகளின் அலமாரிகளுக்குக் கோப்பைகள் வந்தன. செயின்ட் மிரன் 2013இலும் அபர்டீன் 2014இலும் லீக் கோப்பை வென்றன. 1884இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ்டன் 2014இல்தான் தன் வரலாற்றில் முதல் முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு இன்வர்னெஸ். அதற்கடுத்து, 1902க்குப் பிறகு அந்தக் கோப்பையையே பார்க்காத ஹிபர்னியன், அதுவும் இறுதியாட்டத்தில் ரேஞ்சர்ஸையே தோற்கடித்து.

நட்டமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. தொலைக்காட்சி ஒப்பந்தம் குறைந்த விலைக்குத் திருத்தி எழுதப்பட்டது. கிளைட்ஸ்டேல் வங்கியின் ஆதரவு 2013இல் முடிந்தபின், 2015இல் லாட்புரோக்ஸ் வரும்வரை லீகின் பெயருக்கு விளம்பரதாரர் கிடைக்கவில்லை. ஹார்ட்ஸும் டன்ஃபெர்ம்லினும் 2013இல் நிர்வாகிகளின் கைக்குப் போயின. ஆனால் அவர்கள் விழுந்தது நெடுநாளாகச் சேர்த்து வைத்திருந்த சொந்தக் கடனில். ஆட்டம் மெதுவாகச் சாகும் என்ற ஆரூடம் மட்டும் பலிக்கவில்லை.

ஹார்ட்ஸின் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. 2012இல் ரேஞ்சர்ஸ் விதிப்படிதான் போக வேண்டும் என்று சொன்ன ஹார்ட்ஸ் ரசிகர்களுக்கு ஓராண்டு கழிவதற்குள் அதே சோதனை வந்தது. கிளப்புக்குப் பதினைந்து புள்ளிகள் கழிக்கப்பட்டன. 2014இல் அது கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. சலுகை கேட்டு யாரும் தெருவுக்கு வரவில்லை. மாறாக, ‘ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ்’ என்ற அமைப்பின் வழியாக ஆயிரக்கணக்கானோர் மாதாமாதம் பணம் கட்டத் தொடங்கினார்கள். கிளப்பைத் திவாலிலிருந்து மீட்க ஆன் பட்ஜ் என்ற தொழிலதிபர் முன்வந்தார். அவர் போட்ட பணத்தை ரசிகர்கள் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்து, 2021 ஆகஸ்டில் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றார்கள். மதர்வெல்லிலும் 2016இல் வெல் சொசைட்டி பெரும்பான்மைப் பங்குதாரர் ஆனது. 2012இல் மின்னஞ்சல் எழுதியவர்களில் சிலராவது இன்று தங்கள் கிளப்பின் சொந்தக்காரர்கள்.

இந்த ஒரு நாட்டை வைத்துக்கொண்டு, ரசிகர்கள் நினைத்தால் எதுவும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் லண்டனில் நடந்தது நேரெதிர். 2002 மே 28 அன்று இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் மூவர் குழு, விம்பிள்டன் கிளப் தன் லீக் இடத்தோடு சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸ் நகருக்குக் குடிபெயர அனுமதித்தது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தும் பலனில்லை. அங்கே டிக்கெட் எடுக்காமல் விடுவதால் உரிமையாளருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் தேடிப் போனதே புதிய ஊரையும் புதிய கூட்டத்தையும்தான். ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற சொந்தக் கிளப்பைத் தொடங்கி ஒன்பதாம் படியிலிருந்து ஆடி, 2011இல் தொழில்முறை லீகுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் செய்தது மகத்தான காரியம். ஆனால் பறிபோன இடத்தை அவர்களால் மீட்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய சோதனை 2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தது. ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் ‘சூப்பர் லீக்’ என்ற புதிய போட்டியை அறிவித்தன. இங்கிலாந்திலிருந்து ஆறு, ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மும்மூன்று. இருபது இடங்களில் பதினைந்து, பின்னர் சேரவிருந்தவர்களையும் சேர்த்து, நிறுவனர்களுக்கு நிரந்தரம். எவ்வளவு மோசமாக ஆடினாலும் யாரும் அவர்களை இறக்க முடியாது. ரியல் மாட்ரிட் தலைவர் புளோரென்டினோ பெரெஸ் முன்னணியில் நின்றார். ஜேபி மோர்கன் வங்கி பணம் ஏற்பாடு செய்தது. ஸ்காட்லாந்தில் கேட்கப்பட்டது ஒரு கிளப்புக்கு விதிவிலக்கு. இங்கே பதினைந்து கிளப்புகளுக்கு நிரந்தர விதிவிலக்கு. கேள்வி ஒன்றேதான்: லீகில் இடம் என்பது ஆடிச் சம்பாதிப்பதா, சொத்தாகக் கையில் வைத்திருப்பதா?

ஆனால் இங்கிலாந்து ரசிகர்களின் கையில் ஸ்காட்லாந்தின் ஆயுதம் இல்லை. பெரிய கிளப்புகளின் வருவாயில் வாசல் வசூல் சிறு பங்குதான். கொரோனா காலம் வேறு. மைதானங்களுக்குள் ஒரு ரசிகர்கூட இல்லை. லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் வெறும் இருக்கைகளுக்கு மேல் தாங்கள் கட்டியிருந்த கொடிகளை ரசிகர் குழு அவிழ்த்து எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 20 மாலை, பிரைட்டனுடனான ஆட்டத்துக்கு முன்னால், செல்சீ ரசிகர்கள் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜுக்கு வெளியே சாலையை மறித்தார்கள். கிளப்பின் முன்னாள் கோல்கீப்பரும் அப்போதைய நிர்வாகியுமான பீட்டர் செக் கூட்டத்துக்குள் வந்து, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று மன்றாடினார். சில மணி நேரத்தில் செல்சீ விலகப்போவதாகச் செய்தி வந்தது. அன்றிரவுக்குள் ஆறு கிளப்புகளும் பின்வாங்கிவிட்டன.

ரசிகர்கள் தனியாக இதைச் செய்யவில்லை. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் பேசினார்கள், மற்ற கிளப்புகள் கொதித்தன, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தடை விதிப்பதாக மிரட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் அரசு சட்டம் கொண்டுவரும் என்று அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் சொன்னார். தெருவில் நின்ற கூட்டம் இத்தனை பேருக்கும் துணிவு கொடுத்தது; கிளப்புகளின் கையை முறுக்கியது மற்றவர்கள். ஸ்காட்லாந்தில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே ரசிகர்களே பணம் கொடுப்பவர்கள். இங்கே அவர்கள், வாக்குக்கு அஞ்சும் அரசியல்வாதிகளின் காதில் விழும்படி கத்த வேண்டியிருந்தது.

கிளப் ரசிகர்களுக்குச் சொந்தமாக இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்கே சொந்தமான கிளப்புகள். அப்படியிருந்தும் மற்றவர்கள் விலகியபின் அந்தத் திட்டத்தை நெடுநாள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவை அவைதான். ரியல் மாட்ரிட்டில் தலைவர் தேர்தலில் நிற்க வேண்டுமானால் இருபதாண்டு உறுப்பினராக இருக்க வேண்டும். கிளப்பின் ஆண்டுச் செலவில் 15 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும். எத்தனை உறுப்பினர்களால் அது முடியும்? பெரெஸ் தேர்தலுக்குத் தேர்தல் போட்டியின்றித் திரும்பி வந்தார். ஜெர்மனியில் கதை வேறு. பெரும்பான்மை வாக்கு உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற ‘50+1’ விதியின் கீழ் இயங்கும் பேயர்ன் மியூனிக்கும் டார்ட்மண்டும் சூப்பர் லீகில் சேரவே இல்லை. அந்தக் கிளப்புகளின் பொதுக்கூட்டங்களில் உறுப்பினர்கள் எழுந்து நின்று தலைவர்களை முகத்துக்கு நேரே கேள்வி கேட்பார்கள். அந்தப் பழக்கம் காகிதத்தில் உள்ள பங்கைவிட வலிமையானது. 2024 தொடக்கத்தில், ஜெர்மன் லீக் தன் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க முனைந்தபோது, ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிளப்புகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த அந்தத் திட்டம் பிப்ரவரி 21 அன்று கைவிடப்பட்டது.

இங்கிலாந்தில் சூப்பர் லீக் குழப்பத்தின் விளைவாக, ட்ரேசி க்ரவுச் தலைமையில் ரசிகர்களை மையமாக வைத்த ஆய்வு ஒன்று நடந்து, 2021 நவம்பரில் அறிக்கை வந்தது. அதன் அடிப்படையில் 2025 ஜூலையில் சட்டம் இயற்றப்பட்டு, சுதந்திரமான கால்பந்து ஒழுங்காற்று அமைப்பு உருவானது. அனுமதியில்லாத பிரிவினை லீகுகளில் கிளப்புகள் சேர்வதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. மைதானம், சின்னம், சீருடை நிறம் போன்ற மரபுச் சொத்துகளைத் தொடும்போது ரசிகர்களின் கருத்தைக் கேட்க வேண்டிய கடமையும் கிளப்புகளுக்கு வந்திருக்கிறது.

அந்தச் சட்டம் ஆங்கிலேயக் கால்பந்தின் மேல் ஐந்து படிகளுக்கானது. ட்வீட் ஆற்றைத் தாண்டி வடக்கே அது செல்லாது. ஸ்காட்லாந்தில் லீகின் விதிகளை இன்னமும் கிளப்புகளே தங்களுக்குள் வாக்களித்துத் தீர்மானிக்கின்றன. ரசிகர்களைக் கேட்டாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஹார்ட்ஸ், மதர்வெல் போன்ற சில இடங்களில் வாக்களிக்கும் கையே ரசிகர்களுடையதாகிவிட்டது. மற்ற இடங்களில், கோடையில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் அந்தச் சில வாரங்கள்தான் அவர்களிடம் உள்ளன.